செருப்புக் காலோடு ஏறுவதில்லை

செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையில், வக்கீல் வசந்தா அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு முறை நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. எங்கள் மீனவக் குப்பத்தில் பிராது வந்தவன் தீர்ப்பு சொல்லும்வரை சபையில் உட்காரக் கூடாது. பதினாறு வருடம் அந்தச் சபையில் தலைவர்களில் ஒருவனாக உட்கார்ந்து எத்தனையோ பேரை நிற்க வைத்தவன் நான். எனக்கென்று வரும்போது மட்டும் நாற்காலி தேடினால் அது ஒழுங்காகாது.

கடிதம் விமானக் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. முழுக்க ஆங்கிலம். வசந்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"ஐயா, மூணு குத்தம் எழுதியிருக்காங்க. ஊழியர் சொன்னதக் கேக்கல. ஊழியரோட சட்டையப் பிடிச்சு இழுத்தீங்க. குடிச்சிருந்தீங்க. அதனால ஏத்தல. முப்பது நாளைக்கு அவங்க பிளேன்ல ஏற முடியாது. அதுக்குள்ள கமிட்டி விசாரிச்சு முடிவு சொல்லும்."

"மொத ரெண்டும் நெசம்மா. மூணாவது பொய்யி."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இருபத்திரெண்டு வருஷமா வக்கீலா இருக்கேன். மூணுமே பொய்யின்னு சொல்றவங்களத்தான் பாத்திருக்கேன்."

நடந்தது இதுதான். என் மகள் ஷீலாவுக்கு போர்ட் பிளேரில் பிரசவ நேரம். மருமகனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. நானும் என் மனைவி ஆதியம்மாளும் விடியற்காலையில் புதுப்பட்டினத்திலிருந்து வண்டி பிடித்துச் சென்னை விமான நிலையத்துக்குப் போனோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானம். பையைச் சோதித்தார்கள், உடம்பைத் தடவினார்கள், எல்லாவற்றுக்கும் பொறுமையாக நின்றேன். பிறகு ஒரு பஸ்ஸில் ஏற்றி விமானத்தின் அடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். உயரமான ஏணி. ஏணியடியில் நான் செருப்பைக் கழற்றினேன்.

எங்கள் ஆட்கள் படகில் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. ஏறினால் மீன் படாது என்பார்கள், அதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் உயிரை மொத்தமாக ஒப்படைத்துவிட்டு உட்காரப்போகிற இடம் அது. தரை காலுக்குக் கீழே இல்லாமல் போகிற இடம். அங்கே தரையின் அழுக்கோடு போகக் கூடாது என்று என் அப்பா சொன்னது. பஸ்ஸிலும் ரயிலிலும் நான் செருப்போடுதான் ஏறுகிறேன். இது அப்படி இல்லை என்பது அந்த ஏணியைப் பார்த்தவுடனே காலுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று ஏணிக்குப் பக்கத்தில் ஓரமாக, ஜோடியாக வைத்தேன்.

ஆதியம்மாளும் கழற்றினாள். அவள் விவரமானவள். மஞ்சள் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நாலு படி ஏறிவிட்டாள்.

ஏணியடியில் நின்றிருந்த ஊழியர், ஜெபகுமார் என்று சட்டையில் பெயர் மாட்டியிருந்தவர், செருப்பைப் போடச் சொன்னார். மாட்டேன் என்றேன். இங்கே எதையும் விட்டுப் போகக் கூடாது என்றார். அப்படியானால் ஒரு ஓரமாக நீங்களே வைத்திருங்கள், திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பின்னால் வரிசை நின்றது. என் குரல் கொஞ்சம் பெரிது. அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அவர் பதில் சொல்லாமல் ஷூக் காலால் என் செருப்பை ஒரு உதை உதைத்தார். ஒன்று பஸ் பக்கம் போனது. இன்னொன்று எகிறிப் போய்ப் படியில் நின்ற ஆதியம்மாளின் முழங்காலில் பட்டு விழுந்தது.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். இதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

மூன்று பேர் வந்து என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். "நீ போ, பொண்ணு காத்துகினு கீது" என்று ஆதியம்மாளைப் பார்த்துக் கத்தினேன். அவள் ஒரு நொடி நின்றாள். பிறகு ஏறிப் போய்விட்டாள். அறுபத்தேழு வயதில் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். யாரோ ஒருவர் இன்னொருவரிடம், "ஃபுல் போதை" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "மிஷின் கொண்டாங்க, நான் ஊதறேன்" என்று கேட்டேன். ஒருமுறை இல்லை, நாலு முறை. யாரும் கொண்டுவரவில்லை.

என் அப்பா குடித்துவிட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அப்போது எனக்குப் பதினோரு வயது. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் என் அம்மா எங்கள் நாலு பேரையும் கங்கையம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், குடியைத் தொடுவதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் குடும்பத்தில், அண்ணன் தம்பி பிள்ளைகள் உட்பட, ஒரு சொட்டு தொட்டவன் இல்லை. ஊரில் எங்களுக்கு வேறு பெருமை கிடையாது. பெரிய படகு கிடையாது, மாடி வீடு கிடையாது. இது ஒன்றுதான் இருக்கிறது.

இதை வசந்தாவிடம் சொன்னபோது அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஐயா, ஏத்த மாட்டேன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அதோட முடிஞ்சிடாது. ஏன் ஏத்தலன்னு எழுதித் தரணும். கமிட்டி போடணும், அதுக்குத் தலைவரா ரிட்டயர்டு ஜட்ஜ் இருக்கணும். முப்பது நாளுக்குள்ள முடிவு சொல்லணும். சொல்லலைன்னா தடை தானா போயிடும். நான் சொல்றதக் கேளுங்க. சும்மா இருங்க. இவங்க பெரும்பாலும் இழுத்தடிப்பாங்க. முப்பத்தொண்ணாம் நாள் நீங்க ஃப்ரீ."

"அந்த எழுத்து?"

"எந்த எழுத்து?"

"குடிச்சான்னு எழுதினது. முப்பத்தொண்ணாம் நாளு அதுவும் போயிடுமா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அப்ப நான் சும்மா இருக்க மாட்டேன். விசாரிக்கச் சொல்லி எழுதுங்க. சட்டையப் பிடிச்சதுக்கு இன்னா தண்டனையோ அத்தக் குடுக்கட்டும். வாங்கிக்கிறேன். குடிச்சான்ற வார்த்தைய எடுக்கணும்."

"தண்டனை குடுங்கன்னு பெட்டிஷன் எழுதச் சொல்றீங்க."

"ஆமா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு எழுதினார்.

விமானத்தில் என்னை ஏற்றாத அன்று ராத்திரியே ஷீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வீட்டில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்போம். வீட்டுக்கு மூத்தவன் கடல் தண்ணீரில் கால் வைத்து நின்று, பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரிலும் கடல்தானே. அதற்கு நான் போயாக வேண்டும்.

பதினைந்தாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி போனில் பேசினார். நல்ல தமிழ், தேன் மாதிரி குரல். பெரியவர், வயதானவர், இதை வளர்க்க வேண்டாம், ஒரு வருத்தக் கடிதம் அனுப்புகிறோம், கையெழுத்துப் போட்டால் நாளைக்கே தடையை எடுத்துவிடுகிறோம், டிக்கெட்டும் நாங்களே தருகிறோம் என்றார். கடிதம் வந்தது. எட்டு வரி. நாலாவது வரியில், மது அருந்தியிருந்த நிலையில் நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன் என்று இருந்தது. வசந்தா அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார். அது படிவம், மாற்ற முடியாது என்றார்களாம்.

அன்று சாயங்காலம் ஆதியம்மாள் போன் செய்தாள். எப்படியோ விஷயம் அவளுக்கு முன்பே போயிருந்தது.

"ஒத்தக் கையெழுத்து. அத்தப் போட்டா ஒன் மீசை கொட்டிடுமா?"

"குடிச்சேன்னு போட்டுக்கீது ஆதி."

"நீ குடிக்க மாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். தாளுக்குத் தெரியாதே."

"தாளு வந்து பேத்திக்குப் பேரு வெக்குமா? மூஞ்சியப் பாரு, அப்டியே ஒன்ன மாதிரி வெறப்பா கீது. இன்னா ஒரு ரோசம் ஒனக்கு. எந்தம்பியப் பத்தியும்தான் ஊருக்கே தெரியும். அன்னிக்கு நீ..."

நான் போனை வைத்துவிட்டேன். அவள் தம்பி பேச்சை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

ஊருக்குள்ளும் செய்தி வந்துவிட்டது. ஏலக் கொட்டகைக்குப் போனால் பேச்சு நின்று, நான் தாண்டியதும் தொடங்கும். மீன் கூடையை இறக்கி வைத்த ஞானம்மாள்தான் நேருக்கு நேர் கேட்டாள். "இன்னா தலைவரே, மேல போனப்புறம்தான் ஊத்திக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. நீ கீழயே முடிச்சுக்கினியாமே?" கொட்டகையே சிரித்தது. நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனேன். முதுகை வளைக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் விசாரணை. மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம், நாலாவது மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி, என் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னார். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சரி, நில்லுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

முதலில் ஜெபகுமாரைக் கேட்டார்கள். அன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தார். வசந்தா கேட்டார், "செருப்ப உதைச்சீங்களா?"

"உதைச்சேன் மேடம். பிளேன் பக்கத்துல எதுவும் கிடக்கக் கூடாது. இன்ஜின் இழுத்துடும். டைம் ஆயிட்டிருந்தது. கையால எடுத்திருக்கணும்."

"குடிச்சிருந்தார்னு எப்படித் தெரியும்?"

"தள்ளாடினாரு. கண்ணு ரெண்டும் செவந்திருந்தது. கத்தினாரு."

"வாசனை வந்ததா?"

அவர் மேசையைப் பார்த்தார். "இல்ல மேடம்."

"ஊதச் சொன்னீங்களா?"

"இல்ல. ஃபார்ம்ல கட்டம் இருக்கும். அதுலயும் டிக் போட்டாத்தான் கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

கம்பெனிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஜெபகுமார்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பாதியாகிவிட்டது. செய்ததைச் செய்தேன் என்று சொல்கிறவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எனக்கு வேண்டியவன்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். நாற்பது வருடம் ஆடுகிற பலகையில் நின்ற கால், தரையில்தான் தள்ளாடும். உப்பும் வெயிலும் குடித்த கண், எப்போது பார்த்தாலும் சிவப்பு. அறுபத்தேழு வயதில் அதை மாற்ற முடியாது. சட்டையைப் பிடித்தேன், தப்பு, தண்டனை கொடுங்கள். ஆனால் ஒருவனைக் குடிகாரன் என்று எழுதுவதற்கு முன்னால் அவனை எதிரில் நிறுத்திக் கேட்க வேண்டாமா? படிக்காத ஜனங்கள் நாங்கள். எங்கள் குப்பத்தில்கூட அப்படிக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதில்லை. குரல் பெரிதாகிக்கொண்டே போவது எனக்கே கேட்டது. நிறுத்தவில்லை.

நீதிபதி கையைத் தூக்கவில்லை. குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல, "உங்க பஞ்சாயத்துல ஒருத்தர் குடிச்சிருக்காரா இல்லையான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"அது இன்னாங்க கஷ்டம்? கரையில எறங்கி நடக்கறப்பவே தெரிஞ்சுடும். நடையப் பாத்தா, கண்ணப்..."



வசந்தா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. ஆதியம்மாளின் தம்பி செல்வராஜ் படகை விட்டு இறங்கினான். மணலில் நாலு அடி வைத்து விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கண் இரண்டும் ரத்தம். அதற்கு முந்தின வாரம்தான் கோயில் கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசியிருந்தான். கரையில் நின்ற நான் சபையைக் கூட்டினேன். குடித்துவிட்டுக் கடலுக்குப் போனவன், ஒரு மாதம் யாரும் இவனைப் படகில் ஏற்றக் கூடாது என்று சொன்னேன். என் கையாலேயே நோட்டில் எழுதினேன். "இன்ஜின் நின்னுபோய் சட்ராஸ் கரைக்கு நேரா ரெண்டு ராத்திரி தூங்காம கெடந்தேன் மாமா" என்று அவன் சொன்னான். குடிகாரன் சொல்கிற கதை என்றேன். பத்து அடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். பத்து அடி நடந்து போய் அவன் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. குடியால் அப்பாவைப் பறிகொடுத்த எனக்குத் தெரியாதா என்ற எண்ணம்தான். அன்றிலிருந்து அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"நாங்களும் தப்பாத்தான் முடிவு பண்ணிக்கீறோம்ங்க" என்றேன். "அதனால நீங்களும் பண்ணலாம்னு ஆயிடாது. அந்த வார்த்தைய எடுக்கணும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "எடுத்துட்டாலும் சட்டையப் பிடிச்சதுக்குத் தடை வரும். மூணு மாசமாவது வரும். பேத்திக்குப் பேர் வைக்கப் போகணும்னு உங்க வக்கீல் எழுதியிருக்காங்களே."

"போடுங்க."

வெளியே வந்ததும் வசந்தா, "பெட்டிஷன்ல இல்லாத விஷயத்தை எல்லாம் எதுக்கு ஐயா அங்க சொன்னீங்க?" என்று கடிந்துகொண்டார். கேட்டார், சொன்னேன் என்றேன்.

இருபத்தொன்பதாம் நாள் தபால் வந்தது. மூன்று மாதம் தடை. குடித்திருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை, கம்பெனியின் பதிவுகளிலிருந்து அது நீக்கப்பட வேண்டும். நான் படமெடுத்து அனுப்பியதும் வசந்தா போனில் அந்த வரியை எனக்காக இரண்டு முறை படித்தார்.

அன்று மாலையே ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டேன். இப்போதைய தலைவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் வந்தவர்கள். கங்கையம்மன் கோயில் பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுக்கச் சொன்னேன். நான் சபைக்கு எதிரில் நின்றேன். முதலில் கம்பெனிக் கடிதத்தைப் படிக்க வைத்தேன், மூன்று மாதத் தடையையும் சேர்த்து. பிறகு பதினோரு வருடத்துக்கு முந்தின பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.

"பழசு எதுக்கு தலைவரே? உக்காரு மொதல்ல."

"உக்கார மாட்டேன். பிராது எம்மேல. வாயை மோந்து பாக்காம எழுதிக்கீறேன். அத்த அடிங்க."

"நீ எழுதினதுதான, நீயே அடிச்சுட்டுப் போயேன்."

"நான் எழுதினது சபை பேர்ல. சபைதான் அடிக்கணும்."

முணுமுணுத்தார்கள். யாரோ, "கெழவனுக்குப் பித்து புடிச்சிக்கிச்சு" என்றார்கள். நான் நின்றேன். வெயில் இறங்கிக் கோபுர நிழல் நோட்டின்மேல் வரும்வரை நின்றேன். கடைசியில் அடித்தார்கள். ஆள் அனுப்பியும் செல்வராஜ் வரவில்லை.

மறுநாள் முப்பதாம் நாள். காலை ஆறரைக்குப் போன் செய்வேன், எடுத்தால் எடு என்று ஆதியம்மாள் சொல்லியிருந்தாள். ஆறு மணிக்கே கரைக்குப் போய்விட்டேன். கடல் பக்கம் வானம் வெளுத்திருந்தது. செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டு, கணுக்கால் நனைய நின்றேன். போன் அடித்தது. அங்கேயும் அலைச் சத்தம் கேட்டது. ஷீலா பிள்ளையைத் தண்ணீருக்கே தூக்கி வந்திருந்தாள்.

"காதாண்ட வெச்சுக்கீறேன். சொல்லு" என்றாள் ஆதியம்மாள்.

"எழில்" என்றேன். "எழில். எழில்."

ஒரு சின்ன மூச்சு கேட்டது. அது பிள்ளையா, அலையா தெரியவில்லை. பிறகு ஆதியம்மாள், "நேத்து நோட்டுல அடிச்சாங்களாமே" என்றாள். ஆமாம் என்றேன்.  "முட்டிவலிய வெச்சுக்கினு தண்ணியில நிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருபது அடி தள்ளி செல்வராஜின் ஃபைபர் படகு தண்ணீரில் இறங்கியிருந்தது. அவன் உள்ளே நின்று வலையை மடித்துக்கொண்டிருந்தான். தனியாகத்தான் போவான். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் யார் படகிலும் ஏறியதில்லை, யாரையும் ஏற்றியதில்லை. நான் மூன்று வருடமாகக் கடலுக்குப் போகவில்லை. தண்ணீருக்குள்ளேயே நடந்து போய்ப் படகின் முனையில் கை வைத்தேன். தொடை வரை நனைந்துவிட்டது.

"ஏறட்டுமா?" என்று கேட்டேன்.

என் வாழ்நாளில் நான் யாரிடமும் கேட்காத கேள்வி.

அவன் வலையை மடிப்பதை நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறு என்று சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. ஒரு அலை வந்து படகைத் தூக்கி இறக்கியது. என் கையும் அதோடு ஏறி இறங்கியது. வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. என்ன காரணம் என்று நான் கேட்கப் போவதில்லை.

அவன் கரையைப் பார்த்தான். "செருப்ப மேட்டுல வெய்யி" என்றான். பதினோரு வருடத்துக்குப் பிறகு. மாமா என்று சொல்லவில்லை. "தண்ணி ஏறுது. இழுத்துக்கினு பூடும்."

நான் திரும்பி நடந்தேன். அலை ஒரு செருப்பைத் தொட்டுப் புரட்டியிருந்தது. இரண்டையும் கையில் எடுத்து, மணல் காய்ந்திருந்த மேட்டில் ஜோடியாக வைத்தேன். முட்டி வலித்தது. அவசரப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது படகு அதே இடத்தில் முனையைக் கடலுக்குக் காட்டி ஆடிக்கொண்டிருந்தது. செல்வராஜ் இன்ஜின் கயிற்றைக் கையில் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இன்னும் இழுக்கவில்லை.